முதலில் சத்தம், பிறகுதான் ஹெட்ஃபோன்

சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் வட்டாரத்தில் குடியிருந்து வேலை பார்ப்பவர்களிடம், எந்தச் சத்தம் தொல்லை என்று கேட்டுப் பாருங்கள். சிராங்கூன் சாலையைப் பார்த்து ஜன்னல் இருப்பவர் பேருந்தையும் லாரியையும் சொல்வார். ஓவன் ரோட்டு வீவக (வீட்டு வசதி வளர்ச்சிக் கழக) வீட்டில் இருப்பவர், மேல்வீட்டில் சுவர் உடைப்பதைச் சொல்வார். நாலு பேராக அறை எடுத்துத் தங்கியிருப்பவருக்குப் பக்கத்துக் கட்டில்காரர் ஊருக்குப் பேசும் வீடியோ கால்தான் பிரச்சினை. மருத்துவமனையில் இரவு வேலை முடித்து வரும் தாதிக்குப் பகல் முழுவதுமே சத்தம். ஆனால் கடைக்குப் போனதும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "நாய்ஸ் கேன்சலிங்கில் எது பெஸ்ட்?"

பணம் வீணாவது இங்கேதான். 400, 500 வெள்ளி கொடுத்து வாங்கியதைப் போட்டுக்கொண்டு, பக்கத்து மேசைக்காரர் பேசுவது இன்னும் கேட்கிறதே என்று நொந்துகொள்பவர்கள் நிறையப் பேர். ஹெட்ஃபோனில் குறை ஒன்றும் இருக்காது. அதற்கு அடக்கத் தெரிந்த சத்தம் வேறு, இவரை வதைத்த சத்தம் வேறு.

ஆகவே வாங்குவதற்கு முன் இரண்டு வேலை நாள் ஒரு தாளில் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்கு, என்ன சத்தம், அப்போது நீங்கள் என்ன வேலையில் இருந்தீர்கள். இந்த மூன்று போதும். ஐஃபோன் இருந்தால் 'நியோஷ்' என்ற அமெரிக்க வேலையிட ஆய்வு நிலையத்தின் இலவச ஒலியளவுச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். டெசிபெல் கணக்கும் தாளில் ஏறும். பிறகு அந்தப் பட்டியலைப் பார்த்து, விடாமல் ஒரே சீராக இரைவது எது, மனிதப் பேச்சு எது, திடீரென்று இடிப்பதும் துளைப்பதும் எது என்று பிரியுங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

நாய்ஸ் கேன்சலிங் எதை அடக்கும்?

ஒரு சத்தத்தை அதற்கு நேர்எதிரான இன்னொரு சத்தத்தால் அடக்கலாம் என்ற யோசனை பழையது. ஜெர்மானியரான பால் லூக் 1936-லேயே அதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். அதைக் காதுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமர் போஸ். வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன விடுதலைப் போராட்டக்காரர் ஒருவரின் மகன், எம்ஐடி பேராசிரியர். 1978-ல் சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது, விமானத்தில் கொடுத்த ஹெட்ஃபோனில் இன்ஜின் இரைச்சலைத் தாண்டிப் பாட்டுக் கேட்கவில்லை என்று அங்கேயே கணக்குப் போட உட்கார்ந்தார். விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்தது 1989-ல். நாம் கடையில் பார்க்கும் 'குவயட் கம்ஃபர்ட்' வரிசை 2000-த்தில்.

பிறந்த இடம் விமானம் என்பதை மறக்காதீர்கள். வெளியே இருக்கும் சிறு மைக் சத்தத்தைப் பிடிக்கிறது, உள்ளே இருக்கும் சில்லு அதன் அலையைத் தலைகீழாக்கி ஒலிக்கிறது, இரண்டும் மோதி அடங்குகின்றன. சத்தம் சீராகவும் தாழ்ந்த சுருதியிலும் இருந்தால் இது அற்புதமாக வேலை செய்யும். இன்ஜின், ஏசி, வடகிழக்கு ரயில் தடத்தில் சுரங்கத்துக்குள் வரும் ஊங்காரம், பேருந்தின் உறுமல் எல்லாம் இதில் அடக்கம். ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸைத் தாண்டிவிட்டால் அலை மிகச் சிறிதாகிவிடும். தலைகீழ் அலையைத் துல்லியமாகப் பொருத்துவது கடினம். அதற்கு மேல் உங்களைக் காப்பது காதை மூடியிருக்கும் பஞ்சும் ரப்பரும்தான்.

இந்த எல்லை ஹெட்ஃபோனுக்கு மட்டும் உரியதில்லை. நம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பொறியாளர்கள், திறந்த ஜன்னலிலேயே சாலைச் சத்தத்தை அடக்கும் கருவி ஒன்றைச் செய்து 2020-ல் வெளியிட்டார்கள். ஜன்னல் கம்பிகளில் 24 சிறு ஒலிபெருக்கிகள். போக்குவரத்து, ரயில், விமான இரைச்சலை 10 டெசிபெல் வரை குறைத்தது. ஆனால் அதுவும் நன்றாக வேலை செய்தது 300 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரைதான். ஜன்னலைத் திறந்தே வைக்க வேண்டிய ஊரில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பது இங்கே வாழ்பவர்களுக்குப் புரியும். அது வீடுகளுக்கு வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

பேச்சுதான் பெரிய எதிரி

உங்கள் தாளில் அதிகம் இருப்பது பேச்சு என்றால், விலையுயர்ந்த நாய்ஸ் கேன்சலிங் உங்களைக் கைவிடலாம். பேச்சில் உயிரெழுத்துகளின் கனம் தாழ்ந்த சுருதியில் இருக்கும். ச, ட, த போன்ற மெய்களின் கூர்மை மேலே இருக்கும். கருவி கனத்தைக் குறைத்துவிடும், கூர்மையை விட்டுவிடும். சொல்லைப் புரியவைப்பதோ அந்தக் கூர்மைதான். இன்னொன்றும் நடக்கும். அதுவரை ஏசி இரைச்சல் பேச்சின் மேல் ஒரு போர்வையாகக் கிடந்திருக்கும். அதை எடுத்ததும் பக்கத்து மேசைக்காரரின் குரல் முன்பைவிடத் தெளிவாக எழுந்து வரும். புது ஹெட்ஃபோனில் "வேலை செய்யவில்லை" என்று புகார் வருவதற்கு இது முக்கியக் காரணம்.

புரியாத மொழி என்றால் தொல்லை இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 1976-ல் கோல், வெல்ஷ் என்ற இரு ஆய்வாளர்கள், எழுத்துகளை வரிசையாக நினைவில் வைக்கச் சொல்லிவிட்டு, பின்னணியில் ஜெர்மன் வாசகத்தை ஒலிக்கவிட்டார்கள். ஜெர்மன் தெரியாதவர்களும் தடுமாறினார்கள். அறை நண்பர் வங்காளத்தில் பேசினாலும், நீங்கள் சரிபார்க்கும் இன்வாய்ஸ் எண்கள் நழுவத்தான் செய்யும். படிக்கும், எழுதும் வேலையாக இருந்தால் புரிகிற மொழி இன்னும் மோசம். தமிழ்ப் பாட்டைப் போட்டுக்கொண்டு அறிக்கை எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: பாடல் வரியும் பேச்சுதான்.

பேச்சுக்கு மருந்து இரண்டு படி. முதலில், காதுக்குள் இறுக்கமாக அடையும் இயர்ஃபோன். மெமரி ஃபோம் முனையோ, மூன்றடுக்கு ரப்பர் முனையோ உள்ள சாதாரண வயர் இயர்ஃபோன், பேச்சின் கூர்மையை அடைப்பதில் தலைமேல் மாட்டும் பெரிய கருவிகளை எளிதில் முந்தும். இரண்டாவது, அதில் மழைச்சத்தமோ மின்விசிறி ஒலியோ மெல்லிய அளவில். பேச்சு கரைந்து போகும் அளவுக்கு மட்டும், அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். வரியில்லாத வீணை, நாகஸ்வரம் பிடிக்குமென்றால் அதுவும் சரி. ஆனால் நல்ல சங்கீதம் கேட்கிறவரை வேலையிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விடும். நான் மழையைத்தான் சொல்வேன்.

கடையில் செய்ய வேண்டியது

முஸ்தபாவிலோ சிட்டி ஸ்குவேர் மாலிலோ சிம் லிம் ஸ்குவேரிலோ எங்கே வாங்கினாலும், காதில் போட்டுப் பார்க்க விடும் கடையாகப் பாருங்கள். சிட்டி ஹாலுக்கு அருகே அடெல்ஃபி கட்டடத்தில் ஒலிக்கருவிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

கடைக்காரர் உடனே பாட்டுப் போடுவார். போடவிடாதீர்கள். பாட்டு இல்லாமல் கருவியை மாட்டி, வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகுங்கள். அடைப்பு சரியாக இருந்தால் உங்கள் குரல் மண்டைக்குள் கனமாக, இரண்டு காதிலும் ஒரே அளவாக முழங்கும். ஒரு காதில் மட்டும் மெலிந்து கேட்டால் அந்தப் பக்கம் காற்றுப் போகிறது, முனையை மாற்றுங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை. இடதுக்கு நடு அளவு, வலதுக்குச் சிறியது என்று போடுகிறவர்கள் உண்டு.

அடுத்து நாய்ஸ் கேன்சலிங்கை இயக்கி, குளிர்பானப் பெட்டியின் பக்கத்தில் போய் நில்லுங்கள். மோட்டார் ஒலி மறைய வேண்டும். பிறகு கூட வந்தவரை இரண்டு அடி தள்ளி நின்று தமிழ் முரசிலோ கைபேசியிலோ ஒரு செய்தியைச் சாதாரணக் குரலில் வாசிக்கச் சொல்லுங்கள். எத்தனை சொல் பிடிபடுகிறது என்பதுதான் உங்கள் அலுவலகத்தில் நடக்கப்போவது. சிலருக்கு நாய்ஸ் கேன்சலிங் போட்டதும் விமானம் மேலேறும்போது போலக் காதில் அழுத்தம் தெரியும். பத்து நிமிடத்தில் அது அடங்கவில்லை என்றால் அந்தக் கருவி உங்களுக்கு வேண்டாம், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும்.

கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். கண்ணாடிக் கால் காதுக்கு மேலே பஞ்சைத் தூக்கி ஒரு சின்னப் பிளவை உண்டாக்கும். அதன் வழியாக ஏசி இரைச்சல் உள்ளே வரும். பஞ்சை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் அமைதி கூடினால் பிளவு இருக்கிறது என்று பொருள். ஜிமிக்கி, பெரிய தோடு, தூடோங், டர்பன் எல்லாவற்றுக்கும் இதே சோதனை. இவற்றோடு அன்றாடம் வேலைக்குப் போகிறவர்களுக்குக் காதுக்குள் போகும் இயர்பட்ஸ்தான் ஒத்துவரும்.

நம் ஊர் வெப்பத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சோனியின் டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5 ஏறத்தாழ 250 கிராம். முதலில் வந்த ஆப்பிள் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385 கிராம் அளவு. ஏசி இல்லாத அறையில் மதியம் இரண்டு மணிக்கு இந்த வித்தியாசம் கழுத்துக்குத் தெரியும். வியர்வையிலும் ஈரப்பதத்திலும் செயற்கைத்தோல் பஞ்சு சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியும். வாங்கும்போதே, மாற்றுப் பஞ்சு தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காத மாடலைத் தவிர்த்துவிடலாம்.

மேசை மேல் மின்விசிறி வைத்துக்கொள்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். காற்று நேராகக் கருவியின் வெளி மைக்கில் மோதினால், நாய்ஸ் கேன்சலிங் அதையும் சத்தமாக எடுத்துக்கொண்டு காதுக்குள் புஸ்புஸ்ஸென்று ஊதும். விசிறியை மார்புக்குத் திருப்பினால் போதும். மாடலைக் குறை சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

உண்மையிலேயே பழுதுள்ள பொருள் என்றால் அது வேறு. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன் சட்டம்' உங்கள் பக்கம் இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் பழுது, வாங்கும்போதே இருந்ததாகத்தான் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடைக்காரர். ரசீதைப் படமெடுத்து வையுங்கள்.

எதிர்முனையில் இருப்பவரின் காது

உங்களுக்கு அமைதியாக இருப்பதால் வாடிக்கையாளருக்கும் அமைதியாக இருக்கும் என்பது தவறு. நாய்ஸ் கேன்சலிங் உங்கள் காதைக் காக்கிறது. மைக்குக்குள் போகும் சத்தம் தனிக் கதை. நாளில் பாதி நேரம் ஸூமிலும் டீம்ஸிலும் பேசுகிறவர்கள் அழகான இயர்பட்ஸை விட்டுவிட்டு, வாய்க்கு முன்னால் தண்டு நீட்டிய மைக் உள்ள ஹெட்செட்டை வாங்குங்கள். மைக் வாய்க்கு எவ்வளவு பக்கமோ, பின்னணி அவ்வளவு தூரம். இந்த விதியை எந்தச் செயலியாலும் முழுதாக ஈடுகட்ட முடியாது. யூஎஸ்பி வயரோ அதற்குரிய டாங்கிளோ இருந்தால் நல்லது. சாதாரண புளூடூத்தில் மைக்கை இயக்கியதும் ஒலி குறுகி, பழைய தொலைபேசி போல ஆகிவிடுவதைப் பலரும் கவனித்திருப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கமும் ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கமும் நின்று ஊருக்குப் பேசும் தொழிலாளர் சகோதரர்களுக்கும் இதே விதிதான். விலை கூடிய எதுவும் வேண்டாம். வயரில் மைக் உள்ள சாதாரண இயர்ஃபோன் வாங்கி, அந்தச் சிறு மைக்கை இரண்டு விரலால் பிடித்து உதட்டோரம் வைத்துப் பேசுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு உங்கள் குரல் சாலைச் சத்தத்தை மீறிக் கேட்கும். வாரத்துக்கு ஒரு முறை பேசும் பிள்ளையிடம் "என்னப்பா, கேட்கலை" என்பதிலேயே நேரம் போகக் கூடாது.

சுவர் உடைக்கும் சத்தத்துக்கு

இதற்கு ஹெட்ஃபோன் பாதி மருந்துதான். துளைக்கும் அதிர்வு சுவர், தரை, நாற்காலி வழியாகவே உடம்புக்கு வந்துவிடும். தொழிற்சாலையில் போடும் காதுமூடி இங்கே ஹெட்ஃபோனைவிட நன்றாக உழைக்கும். உள்ளே ஃபோம் காதடைப்பான், மேலே காதுமூடி என்று இரண்டையும் போடலாம். ஆனால் அட்டையில் போட்டிருக்கும் இரண்டு எண்களையும் கூட்டிக் கணக்குப் பார்க்காதீர்கள். பெரிய எண்ணுக்கு மேல் 5 டெசிபெல் போலத்தான் ஏறும். இதைவிடப் பயனுள்ளது நேர அட்டவணை. வீவக வீடுகளில் சுவர் உடைப்பது போன்ற பெருஞ்சத்த வேலைகளுக்கு வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் கிடையாது. முக்கியமான நேர்காணலையோ வாடிக்கையாளர் சந்திப்பையோ அதற்கேற்ப நகர்த்துங்கள்.

பகலில் உறங்க வேண்டிய தாதியருக்கும் இரவுநேரப் பாதுகாவலர்களுக்கும் ஃபோம் காதடைப்பானே போதும். பக்கவாட்டில் படுத்தாலும் உறுத்தாது. அதை மெல்லியதாக உருட்டி, எதிர்க்கையால் காதின் மேல்நுனியைப் பின்னுக்கும் மேலுக்குமாக இழுத்து, உள்ளே விட்டு அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பலர் இழுக்காமல் செருகிவிட்டு "சும்மா இருக்கு" என்பார்கள். அலாரத்தை அதிரும் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலியளவு

சத்தத்தை அடக்காத கருவியோடு வேலை செய்கிறவர் அறியாமலே ஒலியைக் கூட்டுவார். இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒலியளவு 60 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கட்டும். ரயிலில் உங்கள் பாட்டு பக்கத்து இருக்கைக்காரருக்குக் கேட்கிறது என்றால் மிக அதிகம்.

பட்டறை, கப்பல் பட்டறை, கட்டுமானத் தளங்களில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டுக் கேட்கும் ஹெட்ஃபோன் காதுக் காப்பு ஆகாது. எச்சரிக்கை ஒலியும் லாரி பின்னால் வருவதும் கேட்காமல் போகும் ஆபத்து வேறு. 2011-ஆம் ஆண்டின் வேலையிட இரைச்சல் விதிமுறைகளின்படி எல்லை 85 டெசிபெலில் எட்டு மணி நேரம். 88 என்றால் நான்கு மணி, 91 என்றால் இரண்டு மணி. 3 டெசிபெல் ஏற ஏற நேரம் பாதியாகும். அந்த எல்லையைத் தாண்டிய இடத்தில் காதுக் காப்பு தருவதும், ஆண்டுதோறும் செவித்திறன் பரிசோதனை செய்விப்பதும் முதலாளியின் கடமை. வேலை முடிந்த பிறகும் காதில் 'ஙொய்' என்று கேட்டால், அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். போன செவித்திறன் திரும்பாது.

அலுவலகத்தில்

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் சில மாதங்களில் நாள் முழுவதும் காதை மூடிக்கொண்டு உட்காரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மூத்தவர்கள் ஒரு வாடிக்கையாளரைத் தொலைபேசியில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதை எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லித் தராது; பக்கத்து மேசையிலிருந்து காதில் விழுந்துதான் அது வரும். காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று கவனம் வேண்டிய வேலைக்கு மட்டும் போடுங்கள். போடுவதற்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம், "அக்கா, பதினொன்றரை வரை இதில் இருக்கேன். அவசரம்னா மேசையைத் தட்டுங்க" என்று ஒரு வார்த்தை. திமிர் பிடித்தவர் என்ற பேர் வராது.

ஹெட்செட் வேலைக்குத்தான் என்றால் நிறுவனத்திடம் கேட்கத் தயங்காதீர்கள். நம்மவர்கள் இதைக் கேட்பதே இல்லை. "சத்தமாக இருக்கிறது" என்று எழுதினால் பதில் வராது. "தினமும் மூன்று மணி நேரம் வாடிக்கையாளர் அழைப்பில் இருக்கிறேன், பின்னணிச் சத்தத்தால் விவரங்களைத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது, இந்த மாடல் இந்த விலை" என்று எழுதினால் மேலாளர் அதை அப்படியே கொள்முதல் பிரிவுக்கு அனுப்பிவிடலாம்.

வீட்டுச் சத்தம் எந்தக் கருவிக்கும் அடங்காது என்றால் கேட்க வேண்டியது வேலை ஏற்பாட்டில் மாற்றம். சத்த வேலை நடக்கும் வாரங்களில் அலுவலகத்துக்கு வர அனுமதியோ, காலை ஏழு மணிக்குத் தொடங்கும் வேலைநேரமோ கேட்கலாம். 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகளின்படி, தகுதிகாண் காலம் முடித்த ஊழியர் எவரும் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு முறையாக எழுதிக் கேட்கலாம். நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால், தொழில் சார்ந்த நியாயமான காரணத்தைச் சொல்லித்தான் மறுக்க வேண்டும்.